காய் கனியும்போது சுவருக்குள் நடப்பது

கடுக்காயை ஒருமுறை கடித்துப் பாருங்கள். வாயில் எச்சில் இருக்கும். ஆனாலும் நாக்கு வறண்டுபோகும், கன்னத்தின் உட்பக்கம் சுருங்கி இழுக்கும். அந்தச் சில நொடிகளில் உங்கள் வாயில் நடப்பதும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதியில் தலைமுறைகளாகத் தோல் தொட்டிகளில் நடந்ததும் ஒரே வேதிவினை. குரோமிய உப்பு வருவதற்கு முன்பு இங்கே தோலைப் பதனிட்டவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். இரண்டிலும் இருப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள். காய்ந்த கடுக்காயின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவே. தோலின் நார்ப் புரதமான கொலாஜனை டானின் இறுகப் பற்றிக்கொள்ளும். எச்சிலில் வழுவழுப்பைத் தரும் புரதங்களையும் அப்படியே பற்றிக்கொள்ளும். காரணம், இரண்டு புரதங்களிலும் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுதி. டானினுக்கு அதன்மேல் தனிப் பிரியம். கடுக்காயைக் கடித்தவரின் நாக்கு சற்று நேரம் பதனிடப்படுகிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. பக்கத்தில் அமிர்திக் காடு, அதற்குப் பின்னால் ஜவ்வாது மலை. கடுக்காயும் சீத்தாப்பழமும் பலாவும் இறங்கிவரும் மலை அது. மறுபக்கம், பாலாற்றை ஒட்டித் தோல் தொழில் நடக்கும் ஊர்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று பார்க்கும்போது ஓர் அழகான எதிர்மறை தெரிகிறது. நெகிழ்ந்து அழுகிவிடக்கூடிய ஒன்றை உறுதியாக்கி நிலைக்க வைப்பது தோல் தொழில். மரத்தில் தொங்கும் காயோ, மாதக்கணக்கில் பாடுபட்டுக் கட்டிய உறுதியைத் தானே இளக்குகிறது. பழுப்பதை அழுகலின் முதல் படி என்று பலர் நினைக்கிறார்கள். அழுகல் வெளியிலிருந்து வரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் செய்யும் வேலை. பழுப்பது, உயிருள்ள செல்கள் தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு, வரிசை தவறாமல், அளந்து செய்யும் வேலை. கட்டியபோது பயன்பட்ட கருவிகளில் சில இளக்கும்போதும் பயன்படுகின்றன என்பதுதான் இதில் எனக்குத் தீராத வியப்பு.

முதலில் ஓர் எண். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். தக்காளியில் 94 பங்கு. பாலைவிடத் தண்ணீர் அதிகமுள்ள ஒரு பொருளைக் கத்தியால் வட்ட வட்டமாக நறுக்கித் தட்டில் அடுக்குகிறோம். அது ஓடிவிடாமல் நிற்கிறது. நிற்கவைப்பது செல் சுவர். தாவரத்தின் ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுற்றி ஒரு சுவரைக் கட்டிக்கொள்கிறது. வளரும் செல்லில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் நூறு சுவர்களை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு மெல்லிய சுவர் தாங்கும் அழுத்தம் என்ன தெரியுமா? கார் டயரில் நாம் அடைக்கும் காற்று, வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். செடியின் செல்லுக்குள் தண்ணீர் புகுந்து சுவரை வெளியே தள்ளும் அழுத்தம் பொதுவாக மூன்றிலிருந்து பத்து மடங்கு. இதை விறைப்பழுத்தம் என்பார்கள். வாடிய கீரையைத் தண்ணீரில் போட்டதும் நிமிர்வது இந்த விறைப்பு திரும்புவதால்தான்.

இந்தச் சுவரின் கட்டுமானத்தைப் புரிந்துகொள்ளப் பழைய மண் வீடு போதும். மூங்கில் வரிச்சை வரிசையாக நிறுத்தி, கயிற்றால் பிணைத்து, மேலே குழைத்த மண்ணை அப்புவார்கள். செல் சுவரில் வரிச்சாக நிற்பவை செல்லுலோஸ் இழைகள். கயிறுபோல் அவற்றைத் தழுவிப் பிணைப்பவை ஹெமிசெல்லுலோஸ் எனப்படும் கிளைத்த சர்க்கரைச் சங்கிலிகள். இடைவெளியையெல்லாம் நிரப்பிய குழைமண் பெக்டின். ஜாமையும் ஜெல்லியையும் உறையவைப்பதும் இதே பெக்டின்தான். மாமரம், தக்காளி போன்ற இருவித்திலைத் தாவரங்களில் வளரும் சுவரின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெக்டின் இருக்கும். ஒரு செல்லின் சுவருக்கும் அடுத்த செல்லின் சுவருக்கும் நடுவே ஒட்டுப்பசையாக இருப்பதும் பெரும்பாலும் அதுவே. அந்த இடத்தை நடுப்பசை என்று வைத்துக்கொள்வோம். பின்னால் அதற்கு முக்கியமான வேலை வருகிறது.

செல்லுலோஸ் நூற்கப்படும் விதம் அற்புதமானது. அது வெறும் குளுக்கோஸ் சங்கிலி. அரிசியின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். கண்ணிகளைக் கோக்கும் கோணம் மட்டும் வேறு. மாவுச்சத்துச் சங்கிலி சுருளும். நம் வயிறு அதைச் செரிக்கும். செல்லுலோஸ் சங்கிலி நேராக நீளும். பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிப் படிகமாகும். நம் வயிற்றில் அது செரிக்காது. சுவருக்கு உட்பக்கம் செல்லைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறையில் ஆறு இதழ் பூப்போன்ற நுண்பொறி ஒன்று பதிந்திருக்கிறது. அதிலிருந்து சங்கிலிகள் ஒரே நேரத்தில் வெளிவந்து, 18 சங்கிலிகள் சேர்ந்த ஓர் இழையாகின்றன என்பது இன்றைய கணிப்பு. இழையின் அகலம் மூன்று நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. பொறி ஓரிடத்தில் நிற்பதில்லை. இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே உறைமேல் தானும் நகர்கிறது. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாரெடெஸ், சோமர்வில், எர்ஹார்ட் மூவரும் பொறிக்கு ஒளிரும் புரதத்தைப் பொருத்தி, உயிருள்ள செல்லில் அது ஓடுவதைக் கண்ணால் பார்த்தார்கள். வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 நானோமீட்டர். ஒரு மணி நேரத்தில் தலைமுடி அகலத்தில் கால்வாசியைக் கடக்கும். செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் அதற்குத் தடம் காட்டுகின்றன.

இனிக் காயின் வளர்ச்சிக்கு வருவோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற, வேலூர் மாவட்டத்தின் இலவம்பாடி முள் கத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். பூ உதிர்ந்த இடத்தில் சுண்டுவிரல் நுனியளவு இருக்கும் பிஞ்சு சில வாரங்களில் கைப்பிடிக்குள் அடங்காத காயாகிறது. கத்திரியும் தக்காளியும் ஒரே குடும்பம். தக்காளியில் இந்த வளர்ச்சி மிக நுணுக்கமாக அளக்கப்பட்டிருக்கிறது. மகரந்தம் சேர்ந்த முதல் ஒன்றிரண்டு வாரம் செல்கள் பிரிந்து எண்ணிக்கையில் பெருகும். பிறகு பிரிவது பெரும்பாலும் நின்று, இருக்கும் செல்களே உப்பத் தொடங்கும். சதைப்பகுதிச் செல் அரை மில்லிமீட்டர் வரை போகும். கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். கொள்ளளவில் இது பல ஆயிரம் மடங்கு. இவ்வளவு பெரிய செல்லை நிர்வகிக்க ஒரு பிரதி மரபணுத் தொகுப்பு போதாது. செல் பிரியாமலே டிஎன்ஏவைத் திரும்பத் திரும்பப் படியெடுக்கிறது. சில தக்காளிச் செல்களில் அது இருநூறு பிரதிகளுக்கும் மேல் போகிறது.

அப்படி உப்பும்போது சுவர் ஏன் வெடிப்பதில்லை? டயரைவிட அதிக அழுத்தம் உள்ளே. வெளியே மூன்று நானோமீட்டர் இழைகளால் ஆன சுவர். நெகிழ்ந்தால்தான் வளரமுடியும், அதிகம் நெகிழ்ந்தால் கிழியும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் காஸ்குரோவும் கூட்டாளிகளும் வெள்ளரி நாற்றின் தண்டை எடுத்தார்கள். செல்களைக் கொன்று, வெறும் சுவரை மட்டும் கிடுக்கியில் மாட்டி இழுத்தார்கள். அமிலநீரில் வைத்தால் செத்த தண்டு மெல்ல நீண்டது. சூடாக்கியபின் நீளவில்லை. வளரும் வெள்ளரிச் சுவரிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைச் சேர்த்தார்கள், மறுபடி நீண்டது. 1992இல் வெளியான இந்தச் சோதனையில் கிடைத்த புரதத்துக்கு எக்ஸ்பான்சின் என்று பெயர் வைத்தார்கள். அது எதையும் வெட்டுவதில்லை. செல்லுலோஸ் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் நுழைந்து, பிடியைக் கணநேரம் தளர்த்துகிறது. உள்ளழுத்தம் இழைகளை வழுக்கி நகர்த்துகிறது, பிடி மறுபடி விழுகிறது. இப்படி நகர்ந்த இடத்தில் புதுச்சரக்கை இட்டு நிரப்பாவிட்டால் சுவர் மெலிந்து கிழிந்துவிடும் என்பதால், பொறிகள் ஓயாமல் புது இழை நூற்கின்றன. எக்ஸ்பான்சினை முடுக்க செல் தன் சுவருக்குள் அமிலத்தைச் சுரந்துகொள்கிறது. புளிப்பு ஏறும்போது சுவர் நெகிழும், இறங்கும்போது இறுகும்.

இந்தக் கட்டத்தில் மாங்காய்க்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. மாவடுவைக் கொட்டையோடு சேர்த்துக் கடித்துவிடலாம். சில வாரம் போனால் கத்தி கொட்டையில் முட்டி நிற்கும். தோல், சதை, கொட்டையின் ஓடு மூன்றுமே ஒரே சூலகத்தின் சுவரிலிருந்து வந்தவை. உள் அடுக்கின் செல்கள் மட்டும் தம் சுவரைத் தடிப்பாக்கி, லிக்னின் என்ற மரப்பொருளை இறக்கி மரமாகிப்போகின்றன. ஒட்டியிருக்கும் அடுத்த அடுக்கோ சாறாகப்போகிறது. கொய்யாவையும் சீத்தாவையும் தின்னும்போது பல்லில் நரநரக்கும் மணல்போன்ற பொடியும் இப்படி லிக்னின் ஏறிய கல்செல்களே. பழம் எவ்வளவு குழைந்தாலும் அவை குழையமாட்டா. கரைக்கும் நொதிகள் லிக்னினிடம் செல்லுபடியாவதில்லை.

காய் ஏன் இவ்வளவு கல்லாக இருக்கிறது என்பதற்கு விடை பெக்டினும் கால்சியமும். பெக்டின் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் அமிலமுனை உண்டு. சுவருக்குள் வந்து சேரும்போது அம்முனைகள் பெரும்பாலும் மெத்தில் என்ற சிறு மூடியால் அடைபட்டிருக்கும். நொதி ஒன்று மூடிகளைக் கழற்றுகிறது. திறந்த முனைகளில் எதிர்மின்சுமை, கால்சியத்தில் நேர்மின்சுமை. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளின் திறந்த முனைகளுக்கு நடுவே கால்சியம் வரிசையாக உட்கார்ந்து பூட்டுப் போட்டுவிடுகிறது. குழைமண் கெட்டியாகிவிடுகிறது. ஆக்ராவின் பேட்டா மிட்டாய்க்கு வெண்பூசணித் துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் வேகவைப்பதற்கு முன் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பது இதற்காகவே. சுண்ணாம்பின் கால்சியம் பெக்டினைப் பூட்டுவதால் துண்டு கொதித்தும் குழைவதில்லை. தோல் தொழிலிலும் சுண்ணாம்புத் தொட்டி உண்டு. அங்கே அது முடியைக் கழற்றி, நார்களை விரித்து, தோலைப் பதனிடத் தயாராக்குகிறது. ஒரே சுண்ணாம்பு புரத நாரைத் தளர்த்துகிறது, பெக்டினை இறுக்குகிறது.

கால்சியம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தக்காளி போடும் விவசாயிகள் அறிவார்கள். காயின் அடிநுனி கறுத்து, குழிந்து, தோல்போல் காய்ந்துபோகும். அதைப் பூநுனி அழுகல் என்கிறார்கள். பெயரில் அழுகல் இருந்தாலும் தொடக்கத்தில் கிருமி எதுவும் இல்லை. கால்சியம் நீரோடு மட்டுமே பயணம் செய்யும். தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ந்தால் காம்பிலிருந்து மிகத் தொலைவிலுள்ள நுனிக்குக் கால்சியம் போதிய அளவு வந்து சேராது. அங்குள்ள செல்கள் குலைந்து சாகின்றன. மண்ணில் கால்சியம் நிறைய இருந்தாலும் பாசனம் சீராக இல்லாவிட்டால் இது வரும். அதனால்தான் கால்சிய உப்புக் கரைசலைத் தெளிக்கச் சொல்வதோடு, சீராகத் தண்ணீர் பாய்ச்சவும் சொல்கிறார்கள்.

விதை முற்றியதும் மரத்துக்குக் கதை மாறுகிறது. அதுவரை யாரும் தின்றுவிடக் கூடாது. அதன்பிறகு யாராவது தின்று விதையைக் கொண்டுபோயே ஆகவேண்டும். இந்தத் திருப்பத்தை அறிவிப்பது எத்திலீன், இரண்டு கார்பன் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே கொண்ட ஒரு வாயு. தாவர ஹார்மோன்களில் இவ்வளவு சிறியது வேறில்லை. பழங்கள் தாமே எத்திலீனை வெளிவிடுகின்றன என்று 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் ஆப்பிளைக் கொண்டு நிறுவினார். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தாலே பல பழங்கள் உணர்ந்துகொள்ளும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் ஏறக்குறைய 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. அதற்கு 28 மில்லிலிட்டர் எத்திலீன் போதும். இரண்டு மேசைக்கரண்டி அளவு. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, தக்காளி போன்றவற்றில் எத்திலீன் பட்ட செல் தானும் எத்திலீன் விடுகிறது. அதனால் வேகம் தானாகவே ஏறும். திராட்சை, மாதுளை, எலுமிச்சை வகைகள் இந்தக் கூட்டத்தில் இல்லை. அவற்றைப் பறித்தபின் பழுக்கப்போட்டுப் பயனில்லை.

நம் ஊர்களில் மாங்காயை வைக்கோலில் புதைப்பதும், வாழைத்தாரை அறையில் அடுக்கிப் புகை மூட்டம் போடுவதும், ஆவாரந்தழையோடு மூடி வைப்பதும் இந்த வாயுவைக் கையாளும் முறைகளே. மூடிய இடத்தில் பழம் விட்ட எத்திலீன் வெளியேறாது. புகையிலும் எத்திலீன் உண்டு. பெயர் தெரியாமலே பல நூறாண்டுகளாக அந்த வாயுவை வேலை வாங்கியிருக்கிறார்கள். கல் வைத்துப் பழுக்கவைப்பது வேறு. கால்சியம் கார்பைடு ஈரத்தில் அசிட்டிலீனை விடும்; அது எத்திலீன்போல் நடித்துப் பழுக்கவைக்கும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடைசெய்துள்ளன. 2016இலிருந்து எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. முற்றாத காயைப் பறித்துக் கல் வைத்தால் தோல் மஞ்சளாகும், உள்ளே வெம்பலாகவே இருக்கும். நிறம் மாறுவதும் சுவர் இளகுவதும் வெவ்வேறு மரபணுக்கள் நடத்தும் வேலைகள். ஒன்று நடந்துவிட்டதால் மற்றதும் நடந்துவிடும் என்ற உறுதி இல்லை. மாம்பழம் கொட்டையை ஒட்டிய சதையில் கனியத் தொடங்கி வெளியே வருகிறது. விரலால் அழுத்திப் பார்க்கும்போது நாம் தொடுவது கடைசியாகக் கனியும் பகுதியை.

எத்திலீன் கட்டளை கிடைத்ததும் சுவரை இளக்கும் நொதிகள் வரிசையாக இறங்குகின்றன. அவற்றில் எது தலைவன் என்ற தேடல் நாற்பது ஆண்டுக் கதை. பழுக்கும் தக்காளியில் பாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதி திடீரென்று வெள்ளமாகப் பெருகுவதை எல்லோரும் பார்த்தார்கள். பெக்டின் சங்கிலியை நடுவில் வெட்டுவது அதன் வேலை. அப்படியானால் அதை அடக்கினால் தக்காளி குழையாது என்று கணக்குப் போட்டது கலிஃபோர்னியாவின் கால்ஜீன் நிறுவனம். அந்நொதியின் மரபணுவைத் தலைகீழாகச் செருகி, அதன் செய்தி செல்லில் எடுபடாமல் செய்தார்கள். 1994 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றிய முழு உணவுப்பொருளாகக் கடைக்கு வந்த முதல் பண்டம் அந்த ஃபிளேவர் சேவர் தக்காளி. நொதி கிட்டத்தட்ட முழுவதுமாக அடங்கிப்போயிருந்தது. தக்காளியோ ஏறக்குறைய வழக்கம்போலவே இளகியது. சில ஆண்டுகளில் கடையிலிருந்து மறைந்தது. அதே நொதியைக் குறைத்த தக்காளியிலிருந்து பிரிட்டனில் 1996இல் விழுதைத் தயாரித்து விற்றார்கள். அது நன்றாக விற்றது. சங்கிலிகள் வெட்டுப்படாமல் நீளமாக இருந்ததால் விழுது கெட்டியாக வந்தது. பழத்தின் உறுதியை நிர்ணயிப்பது வேறு எதுவோ என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது.

எனக்கு இந்தத் தோல்வி விஞ்ஞானத்தின் அருமையான தருணங்களில் ஒன்றாகப் படுகிறது. ஒரே கத்தி ஒரே சுவரை அறுக்கிறது என்று நினைத்த இடத்தில், ஒன்றன் கையை ஒன்று எதிர்பார்க்கும் ஒரு பெரிய குழு வேலை செய்வது தெரியவந்தது. மெத்தில் மூடியைக் கழற்றும் நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். காயாக இருக்கும்போது அது மூடியைக் கழற்றினால் கால்சியம் வந்து பூட்டுப் போடும், சுவர் இறுகும். பழுக்கும்போதும் அதே நொதி அதே மூடியைத்தான் கழற்றுகிறது, இப்போது திறந்த முனைகளை வெட்டும் நொதிகள் பிடித்துக்கொள்கின்றன, சுவர் இளகும். வளர்ச்சியை ஆராய்ந்தபோது கண்டுபிடிக்கப்பட்ட எக்ஸ்பான்சினும் மறுபடி மேடையேறுகிறது. பழுக்கும் தக்காளிக்கென்றே தனி எக்ஸ்பான்சின் ஒன்று உண்டு என்பது 1997இல் தெரியவந்தது. அதை அடக்கினால் பழம் கூடுதல் உறுதியாக நின்றது. இழைகளின் பிடியை அது தளர்த்திவிட்டால், மற்ற நொதிகள் நுழைய வழி கிடைக்கிறது. 2016இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் கிரகாம் சீமோர் குழுவினர் பெக்டேட் லயேஸ் என்ற இன்னொரு வெட்டு நொதியை அடக்கியபோது, நிறமும் மணமும் குறையாமல் தக்காளி உறுதியாக இருந்தது. முதலில் அவ்வளவு பெருகாத, கவனத்துக்கு வராத நொதிக்கு இவ்வளவு பங்கு இருந்தது.

இந்தியாவில் நடந்த ஆய்வு இன்னும் வினோதமான திசையிலிருந்து வந்தது. புதுடில்லி தேசியத் தாவர மரபணுத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு, அசிஸ் தத்தா உள்ளிட்டோர், 2010இல் வெளியிட்ட தக்காளி 45 நாள் வரை உறுதியாக இருந்தது. சாதாரணத் தக்காளி 15 நாளில் சுருங்கத் தொடங்கிவிடும். அவர்கள் அடக்கியவை சுவரின் முக்கியச் சங்கிலிகளை வெட்டும் நொதிகள் அல்ல. புரதங்களில் ஒட்டியுள்ள சர்க்கரைக் கிளைகளைக் கத்தரிக்கும் இரண்டு நொதிகள். கத்தரிக்கப்பட்டு உதிரும் சர்க்கரைத் துண்டுகளே பழுப்பதை மேலும் தூண்டும் செய்தியாகச் செயல்படலாம் என்பது அதன் பின்னணி. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் யசோதா, பிரபா, தரநாதன் ஆகியோர் அல்போன்சா மாம்பழத்தின் சுவரைப் பிரித்து ஆராய்ந்தார்கள். பழுக்கப் பழுக்கப் பெக்டினும் ஹெமிசெல்லுலோஸும் சிறு சிறு துண்டுகளாகி நீரில் கரையத் தொடங்குவதை அதில் பார்க்கலாம். செல்லுலோஸ் இழைகளோ பெரும்பாலும் அப்படியே நிற்கும். கனிந்த பழமும் கையில் எடுக்கும்போது உருவத்தோடு இருப்பது அதனால்தான்.

இளகும் சுவர் மெலியும் என்றே தோன்றும். பல பழங்களில் அது தடிக்கிறது. பிணைப்புத் தளர்ந்த பெக்டின் தண்ணீரை இழுத்து உப்பிவிடுகிறது. கிவிப் பழத்தில் சுவர் பல மடங்கு தடிப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். சுவர் உப்பும் அதே நேரம் செல்லின் உள்ளே விறைப்பழுத்தம் விழுகிறது. உறுதி குறைய இரண்டு பக்கமும் வேலை நடக்கிறது. வாழையில் மூன்றாவது வேலையாள் உண்டு. காயில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் மாவுச்சத்து, பழத்தில் சர்க்கரையாகி ஏறக்குறைய முழுதும் காணாமல் போகிறது.

வாயில் வைக்கும்போது இந்த நுண்கணக்கு முழுவதும் பல்லுக்குத் தெரிந்துவிடுகிறது. அரைக்கனிவுக் கொய்யாவில் நடுப்பசை வலுவாக இருக்கும். பல் பட்டதும் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியமுடியாமல் குறுக்கே உடைகின்றன. உள்ளிருந்த சாறு தெறிக்கிறது. மொறுக்கென்ற சத்தம் கேட்கிறது. நாள்பட்ட ஆப்பிளில் நடுப்பசை முதலில் தளர்ந்துபோயிருக்கும். கடித்தால் செல்கள் உடையாமல் முழுசாகப் பிரிந்து வருகின்றன. சாறு செல்லுக்குள்ளேயே பூட்டிக்கிடக்க, நாக்குக்குக் கிடைப்பது மாவு. சாறு இல்லாததால் அப்படி இருக்கிறது என்று நினைக்கிறோம். சாறு இருக்கிறது, செல் உடையவில்லை. ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் இதில் மறுகோடி. பறித்த சில நாளில் இவ்வளவு வேகமாகச் சுவர் தளரும் பழங்கள் குறைவு. கண்கள் விரிந்து, சுளைகள் தாமாகப் பிரிந்துவிடும். கூடையில் தொலைவுக்கு அனுப்ப முடியாததற்குக் காரணமும் அதுவே.

துவர்ப்பு போவதிலும் சுவருக்குப் பங்கிருக்கிறது. பழுக்கும்போது டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கரையாமல் படிந்துவிடுவது ஒரு காரணம். சுவரிலிருந்து கரைந்து வரும் பெக்டின் துண்டுகள் இன்னொரு காரணம். அவை டானினைத் தாமே பற்றிக்கொள்கின்றன. எச்சிலின் புரதத்துக்கு மிச்சம் வைப்பதில்லை. சப்போட்டாக் காயில் நாக்கை இழுத்துப் பிடித்த பொருள் பழத்திலும் ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. அதன் கைகள் வேறு வேலையில் சிக்கியிருக்கின்றன.

ஜாம் காய்ச்சுபவர்களும் இந்தச் சுவரை நன்றாக அறிவார்கள். முழுக்கக் கனிந்த கொய்யாவில் மட்டும் ஜெல்லி போட்டால் உறையாது. பெக்டின் சங்கிலிகள் ஏற்கெனவே துண்டுபட்டிருக்கும். செங்காய்களையும் சேர்ப்பார்கள். நீளமான சங்கிலிகள் கிடைக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் அமிலம் அவற்றின் மின்சுமையைத் தணிக்கும், சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்து வலையாகும். பாத்திரத்தில் உறைவது காயின் சுவர்தான், வேறு உருவத்தில்.

காம்பிலும் இதே வேலை நடக்கிறது. பழம் மரத்தைவிட்டுப் பிரியவேண்டிய இடத்தில் சில அடுக்குச் செல்கள் முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்டிருக்கும். அதை உதிர்முடிச்சு எனலாம். உரிய வேளையில், எத்திலீனின் தூண்டுதலில், அங்கே மட்டும் பெக்டினையும் செல்லுலோஸையும் கரைக்கும் நொதிகள் சுரக்கும், நடுப்பசை விட்டுப்போகும், பழத்தின் எடையே மிச்ச வேலையை முடித்துவிடும். தக்காளியில் காம்பின் கணு இல்லாத ஒரு மரபணு மாற்றம் இயற்கையாகவே உண்டு. அதில் இந்த முடிச்சு உருவாவதில்லை. இயந்திரத்தால் அறுவடை செய்யும் இரகங்களில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். காம்பு ஒட்டாமல் பழம் மட்டும் கழன்று வருகிறது.

மா விவசாயிக்கு உதிர்முடிச்சு பணக்கணக்கு. வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாங்காய் ஒரே சமயத்தில் முற்றும். சந்தை நிரம்பி விலை விழும் வாரத்தில்தான் மரமும் பழத்தை உதிர்க்கப் பார்க்கும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதற்கு ஹெக்சனால் என்ற பொருளைச் சோதித்தன. வெட்டிய புல்லில் நாம் முகரும் பச்சை வாசனையில் அதுவும் ஒன்று. தாவரங்கள் தாமே உண்டாக்கிக்கொள்வது. செல்லின் உறையைச் சிதைக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது. உறை கெடாமல் இருந்தால் சுவர் இளகும் வேலையும் மெதுவாகிறது, காம்பு விடுபடுவதும் தள்ளிப்போகிறது. அறுவடைக்கு முன்பே ஹெக்சனால் கலவையைத் தெளித்த மரங்களில் மாங்காய் கூடுதல் நாள் காம்பிலேயே நின்றது. பறித்தபின்னும் கெடாமல் இருந்தது. கிருஷ்ணகிரித் தோப்புகளில் நடந்த சோதனைகளில் விவசாயிகள் இதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். லாரிக்குக் காத்திருக்கவும், விலை சற்று ஏறும்வரை காயை மரத்திலேயே விட்டுவைக்கவும் அவர்களுக்குச் சில நாள் கிடைத்தது.